‘பிலிட்டி’யில் முடியும் ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலிஜிபிலிட்டி, லயபிலிட்டி, அவைலபிலிட்டி, ரெஸ்பான்சிபிலிட்டி. வேலை விண்ணப்பத்திலும் வங்கிக் கடிதத்திலும் பாடப்புத்தகத்திலும் இந்த வால் கொண்ட சொற்கள் இல்லாத பக்கம் குறைவு. இவற்றை எழுதும்போதும் உச்சரிக்கும்போதும் தமிழாக்கும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எழுத்துக்கூட்டலைச் சொல்லும் இடங்களில் ஆங்கில எழுத்தின் பெயரையே எழுதியிருக்கிறோம். ‘ஏ’ என்றால் முதல் எழுத்து, ‘ஐ’ என்றால் ஒன்பதாவது, ‘டீ’ என்றால் இருபதாவது.

இந்த வால் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. அங்கே வினையடியோடு ‘பிலிஸ்’ சேர்த்தால் ‘அதற்கு இடம் தருகிற’ என்ற பொருளில் பெயரடை கிடைக்கும். அதையே ‘பிலிதாஸ்’ ஆக்கினால் அந்தத் தன்மையின் பெயர். ‘விசிபிலிஸ்’ என்றால் காணக்கூடிய, ‘விசிபிலிதாஸ்’ என்றால் காணக்கூடிய தன்மை. பிரெஞ்சு வழியாக வரும்போது பெயரடை தேய்ந்து பி-எல்-ஈ என்று சுருங்கிவிட்டது. பெயர்ச்சொல் அவ்வளவு தேயவில்லை. பெயரடையில் பி-க்கும் எல்-லுக்கும் நடுவே காணாமல் போன ‘ஐ’, பெயர்ச்சொல்லில் அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தட்டச்சில் அதிகம் விழும் பிழையும் அந்த ‘ஐ’தான். ரெஸ்பான்சிபிள் கையில் பழகியிருப்பதால், ரெஸ்பான்சிபிலிட்டி எழுதும்போதும் பி-யை அடுத்து எல் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லில் ‘ஐ’ மூன்று முறை வர வேண்டும். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள்.

‘அபிலிட்டி’ என்ற தனிச்சொல்தானே பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. தனிச்சொல்லின் மூலம் ‘ஹாபிலிஸ்’. கையாள எளிதான, திறமையான என்று பொருள். அதன் வேர் ‘ஹாபேரே’ என்ற வினை. வைத்திரு, பற்றியிரு என்று பொருள். முதல் ‘எச்’ உதிர்ந்துபோனாலும் ரீஹாபிலிட்டேஷன் என்ற சொல்லில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பின்னொட்டின் வழி வேறு. ஆனால் ஆங்கிலம் பேசுவோர் மனத்தில் இரண்டும் கலந்துவிட்டன. ஏ போட்ட வடிவம் இன்றும் புதுச்சொற்களைப் பெற்றுக்கொண்டிருப்பதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

ஏ போடுவதா, ஐ போடுவதா?

கடைசி ஆறு எழுத்துகளில் குழப்பமே இல்லை. எல்லாச் சொல்லிலும் பி-ஐ-எல்-ஐ-டீ-ஒய். கடைசியிலிருந்து ஏழாவது எழுத்துதான் பிரச்சினை. காதை நம்ப முடியாது. வேகப் பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலி. இந்தப் பக்கத்தில் ஏ வரும் சொல்லை ‘அபிள்’ என்றும் ஐ வரும் சொல்லை ‘இபிள்’ என்றும் எழுதியிருப்பது கண்ணுக்கு உதவத்தான்.

முதலில் வாலை வெட்டிப் பாருங்கள். மிச்சம் தனியாக நிற்கும் ஆங்கிலச் சொல்லானால் பெரும்பாலும் ஏ: வாஷ், ரீட், அஃபோர்டு, எம்ப்ளாய். நிற்காவிட்டால் பெரும்பாலும் ஐ: விசிபிள், ஆடிபிள், கிரெடிபிள், எடிபிள், பாசிபிள், டெரிபிள்.

அது பிடிபடவில்லையென்றால் அதே குடும்பத்தில் ‘ஏஷன்’ என்று முடியும் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த இடத்தில் காது உதவும். அப்ளிகேஷன் இருப்பதால் அப்ளிகபிலிட்டி. டியூரேஷன் இருப்பதால் டியூரபிலிட்டி. டாலரேஷன், இரிட்டேஷன், அட்மிரேஷன் எல்லாம் அப்படியே. ‘ஏ’ ஒலி இல்லாமல் வெறும் ‘ஷன்’ மட்டும் இருந்தால் ஐ பக்கம் சாயும்: பெர்மிஷன், பெர்மிசிபிள்; டிவிஷன், டிவிசிபிள்; கரப்ஷன், கரப்டிபிள். ஆனால் பிரெடிக்‌ஷன், டிடெக்‌ஷன், பிரிவென்ஷன் மூன்றும் முதல் சோதனைக்குத்தான் கட்டுப்படும். பிரெடிக்ட், டிடெக்ட், பிரிவென்ட் முழுச்சொற்கள் என்பதால் ஏ. சென்சேஷனை நம்பி சென்சிபிளில் ஏ போட்டவர்களும் உண்டு. அது ஐ.

சி, ஜி எழுத்துகள் இன்னொரு துப்பு தருகின்றன. அவை ‘க’ ஒலியாக நின்றால் கட்டாயம் ஏ: அமிகபிள், நாவிகபிள். ஐ வந்தால் சி எழுத்து ‘ச’ ஒலியாக மாறிவிடுமே! ‘ச’, ‘ஜ’ ஒலியாக இருந்து, மிச்சம் தனிச்சொல்லாக நிற்காவிட்டால் ஐ: லெஜிபிள், எலிஜிபிள், டான்ஜிபிள், நெக்லிஜிபிள், இன்வின்சிபிள்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். முழுச்சொல் நின்றும் ஐ வாங்குபவை: ஆக்செசிபிள், ஃபிளெக்சிபிள், கன்வெர்டிபிள், கொலாப்சிபிள், ரிவெர்சிபிள், இர்ரெசிஸ்டிபிள், டைஜெஸ்டிபிள், கன்டெம்ப்டிபிள். முழுச்சொல் நிற்காமலே ஏ வாங்குபவை: கேப்பபிள், பிராபபிள், ஹாஸ்பிடபிள், இன்எவிடபிள், வல்னரபிள், மாலியபிள். எந்தப் பட்டியலும் நினைவுக்கு வராவிட்டால் ஏ போடுங்கள். புதிதாக உருவாகும் சொற்கள் அந்தப் பக்கம்தான் சேர்கின்றன.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை: ரெஸ்பான்சிபிலிட்டிக்கு பிரெஞ்சில் ஏ, ஆங்கிலத்தில் ஐ.

இரண்டு வடிவம் ஏன் வந்தது?

லத்தீன் வினைகள் பல அணிகளாகப் பிரிந்திருந்தன. ‘ஆரே’ என்று முடியும் வினைகள் ‘ஆபிலிஸ்’ பெற்றன, மற்றவை பெரும்பாலும் ‘இபிலிஸ்’ பெற்றன. பிரெஞ்சு அந்த வேறுபாட்டைக் கைவிட்டு, தானாக ஆக்கிய சொற்களுக்கெல்லாம் ஏ வடிவத்தையே ஒட்டியது. ஆங்கிலம் லத்தீனிலிருந்து நேராகவும் வாங்கியது, பிரெஞ்சு வழியாகவும் வாங்கியது.

ஏ, ஐ இரண்டும் இல்லாத சொல் உண்டா?

சாலுபிலிட்டியில் ‘யூ’. நொபிலிட்டி, மொபிலிட்டி இரண்டிலும் ‘ஓ’.

அடிச்சொல்லின் கடைசி எழுத்தை எப்போது விடுவது, எப்போது வைப்பது?

ஒலிக்காத ஈ பொதுவாகப் போய்விடும்: யூஸ், யூசபிலிட்டி, ஸ்கேல், ஸ்கேலபிலிட்டி. சி அல்லது ஜி-க்குப் பின் வரும் ஈயை மட்டும் விடக்கூடாது. மேனேஜபிள், சேஞ்சபிள், நோட்டிசபிள், டிரேசபிள் ஆகியவற்றில் அது போனால், அடுத்து வரும் ஏ அந்த சி, ஜி எழுத்துகளை ‘க’ ஒலியாக்கிவிடும். சேலபிள், லைக்கபிள், லிவபிள் போன்றவற்றை பிரிட்டிஷார் பெரும்பாலும் ஈ வைத்தும் அமெரிக்கர் பெரும்பாலும் விட்டும் எழுதுவார்கள். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

மெய்யெழுத்தை அடுத்து ஒய் வந்தால் அது ஐ ஆகும்: ரிலை, ரிலையபிலிட்டி, வேரி, வேரியபிலிட்டி. உயிரெழுத்தை அடுத்து வந்தால் மாறாது: எம்ப்ளாயபிலிட்டி, பிளேயபிள்.

‘ஏட்’ என்று முடியும் நீண்ட வினைகள் அந்த ஈற்றை மொத்தமாக உதிர்க்கும். டாலரேட் டாலரபிள் ஆகும், நாவிகேட் நாவிகபிள் ஆகும். டிபேட், ரிலேட், டிரான்ஸ்லேட் போன்றவை உதிர்க்காது. ஃபர்கெட்டபிள், ரிக்ரெட்டபிள் இரண்டிலும் டீ இரட்டிக்கும். பிரிஃபர் தரும் பிரெஃபரபிளில் ஆர் இரட்டிக்காது, ஏனென்றால் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிடுகிறது.

தமிழில் ‘திறன்’ என்று போட்டால் போதாதா?

மொழிபெயர்ப்பில் நடக்கும் பிழைகளில் பாதி இந்த ஒரு பழக்கத்தால்தான். இந்தப் பின்னொட்டு சொல்லும் இயலுமை பெரும்பாலும் செய்பவருடையது அல்ல, செயலுக்கு ஆளாகும் பொருளுடையது. ரீடபிலிட்டி கட்டுரையின் குணம். அதை ‘வாசிப்புத்திறன்’ என்று எழுதினால் வாசகரின் திறமையாகிவிடும். ‘இந்த நூலின் வாசிப்புத்திறன் அதிகம்’ என்ற வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: நூலா வாசிக்கிறது? ‘இந்த நூலைத் தடங்கலின்றி வாசிக்கலாம்’ என்றால் முடிந்தது. எம்ப்ளாயபிலிட்டியும் அப்படித்தான். அது வேலைவாய்ப்பு அல்ல, ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவைக்கும் தகுதி.

எனவே மொழிபெயர்க்கும் முன் கேட்க வேண்டியது: யார் செய்கிறார், எது படுகிறது? தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பிரேக்கபிள்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்யும். நாம் தன்வினையையும் பிறவினையையும் பிரித்துச் சொல்லலாம். கண்ணாடிச் சாமான் இருக்கும் பெட்டியின் மேல் ‘உடையக்கூடியது’ என்று எழுத வேண்டும், தானே உடைந்துபோகும் என்பதுதான் செய்தி. பூட்டைப் பற்றிப் பேசினால் ‘உடைக்கக்கூடியது’, ஒருவர் உடைக்கிறார். பெட்டி மேல் ‘உடைக்கக்கூடியது’ என்று ஒட்டினால் சுமை தூக்குபவருக்கு அனுமதி கொடுத்தது போலாகும்! சாலுபிலிட்டியில் உப்பு தானே கரைகிறது. அதனால்தான் பாடநூல்களின் ‘கரைதிறன்’ உறுத்தாமல் பொருந்துகிறது.

அடுத்தது பொருளின் சாயல். வெறும் சாத்தியம் என்றால் ‘கூடிய’: துவைக்கக்கூடிய துணி. அதற்கு ஏற்ற, மதிப்புள்ள என்றால் ‘தக்க’: போற்றத்தக்க பணி, குறிப்பிடத்தக்க மாற்றம். உரிமையோ கடனோ இருந்தால் ‘உரிய’, ‘வேண்டிய’. லத்தீன் பின்னொட்டு இந்தச் சாயல்களையெல்லாம் ஒன்றாகச் சுமக்கும். ‘அமாபிலிஸ்’ என்றால் நேசிக்க முடிகிற என்பதைவிட நேசிக்கத்தக்க என்பதே சரி. மொழிபெயர்ப்பவர்தான் எது என்று தேர்ந்துகொள்ள வேண்டும்.

நிலைத்துவிட்ட கலைச்சொல் இருந்தால் புதிதாக ஆக்க வேண்டாம். பிராபபிலிட்டிக்கு ‘நிகழ்தகவு’ இருக்கிறது. ‘தகு’ என்ற அடியை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய சொல் வேறு நினைவுக்கு வரவில்லை. காந்தவியலில் பெர்மியபிலிட்டிக்கு ‘உட்புகுதிறன்’, சசெப்டிபிலிட்டிக்கு ‘ஏற்புத்திறன்’. எலிஜிபிலிட்டி ‘தகுதி’, ரெஸ்பான்சிபிலிட்டி ‘பொறுப்பு’. இவற்றில் வால் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பல இடங்களில் பெயர்ச்சொல்லை வினையாகக் கலைத்துவிடுவதே நல்லது. ‘உணவுப் பொருள்களின் கிடைக்கும் தன்மையை உறுதி செய்தல்’ என்று அரசு அறிக்கைத் தமிழில் படித்திருப்பீர்கள். ‘உணவுப் பொருள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்தல்’ என்று எழுதினால் ஒன்றும் குறையாது.

எல்லாச் சொல்லும் ‘செய்யப்படக்கூடிய’ என்றுதான் பொருள்படுமா?

இல்லை. டியூரபிள், பெரிஷபிள் இரண்டும் அந்தப் பொருளே செய்வது: உழைக்கும், கெட்டுப்போகும். கம்ஃபர்டபிள் நாற்காலி நமக்குச் சுகம் தருகிறது, நாற்காலிக்குச் சுகம் இல்லை. வாக்கபிலிட்டி என்று நகரத் திட்டமிடுவோர் சொல்வது தெருவின் குணம். தெரு நடக்கவும் இல்லை, நடக்கப்படவும் இல்லை, அதில் ஆள் நடக்கிறார். ரிலையபிள் என்ற சொல்லை 19-ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ரிலை என்ற வினைக்குப் பின் ‘ஆன்’ வர வேண்டும், அது எங்கே போனது என்பது அவர்கள் வாதம். சொல் பிழைத்துக்கொண்டது.

பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் கவனம் தேவை. பேயபிள் என்றால் ‘கொடுக்கக்கூடிய’ அல்ல, ‘கொடுக்க வேண்டிய’. மார்ச் 31-க்குள் பேயபிள் என்று கடிதம் வந்தால் அது விருப்பத்துக்கு விட்ட விஷயமில்லை.

உச்சரிப்பில் எங்கே தவறுகிறோம்?

முதல் தவறு ‘ஏபிள்’. டேபிள், ஸ்டேபிள் போல எல்லாவற்றையும் படித்துவிடுகிறோம். பின்னொட்டாக வரும்போது அந்த ஏ எழுத்துக்கு ‘அ’ போன்ற மங்கிய ஒலிதான். கம்ஃபர்ட்டேபிள் அல்ல; ‘கம்ஃப்டபிள்’ என்று மூன்றே அசையில் முடியும்.

இரண்டாவது, அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிப் பழகியவர்கள் ஆங்கிலத்திலும் அப்படியே அடுக்குகிறோம். இந்தச் சொற்களில் விதி மிக எளிது: கடைசியிலிருந்து மூன்றாவது அசை, அதாவது ‘பி’, எப்போதும் அழுத்தம் பெறும். ரெஸ்பான்சிபிளில் ‘பான்’ மீது இருந்த அழுத்தம் ரெஸ்பான்சிபிலிட்டியில் ‘பி’க்கு நகர்ந்துவிடும். நகர்ந்ததும் பழைய இடத்து உயிர் மங்கலாம். ஸ்டேபிளில் ‘டே’ என்று நீண்டது ஸ்டபிலிட்டியில் ‘ட’ என்று குறுகும். ஏபிள் அபிலிட்டி ஆகும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே ‘பி’ வரும்போது மட்டும் பலமாகத் தட்டிச் சொல்லிப் பாருங்கள், பத்துச் சொல்லில் பழகிவிடும்.

மூன்றாவது சிறியது. தமிழில் ‘ட்டி’ என்று இரட்டித்து எழுதினாலும் ஆங்கிலத்தில் அந்த டீ ஒற்றைதான். அமெரிக்கப் பேச்சில் அது இன்னும் மெலிந்து டகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே ஒலிக்கும்.

எதிர்மறைக்கு ‘அன்’ போடுவதா ‘இன்’ போடுவதா?

ஐ வடிவம் பெரும்பாலும் ‘இன்’ ஏற்கும்: இன்விசிபிலிட்டி. அடுத்த எழுத்துக்கேற்ப அது உருமாறும்: இல்லெஜிபிலிட்டி, இர்ரெஸ்பான்சிபிலிட்டி, இம்பாசிபிலிட்டி. பல், முகம் சேர்ந்து பன்முகம் ஆவது போன்ற புணர்ச்சிதான் இது. ஆங்கில வினையில் பிறந்த ஏ வடிவம் பெரும்பாலும் ‘அன்’ ஏற்கும்: அன்அவைலபிலிட்டி, அன்ரிலையபிலிட்டி. விலக்குகள் இருக்கின்றன. இன்டெலிஜிபிள் ‘இன்’ என்றே தொடங்குவதால் அதற்கு அன்இன்டெலிஜிபிள்.

அதிகம் தவறும் இடம்: அன்ஏபிள் சரி, ஆனால் பெயர்ச்சொல் அன்அபிலிட்டி இல்லை, இன்அபிலிட்டி. அதுவும் டிஸ்அபிலிட்டியும் வேறு. கூட்டத்துக்கு வர இயலாமல் போவது முதலாவது. 2010-இல் தமிழ்நாடு அரசு ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது இரண்டாவதை ஒட்டி.

பெட்ரோல் லாரியில் ‘ஹைலி இன்ஃபிளமபிள்’ என்று எழுதியிருக்கிறதே, ‘இன்’ இருந்தால் எரியாது என்று அர்த்தமா?

பயங்கரமாக எரியும். அந்த ‘இன்’ எதிர்மறை அல்ல. ‘இன்ஃபிளமாரே’ என்ற லத்தீன் வினையில், தீ மூட்டு என்ற பொருளில், முன்பே இருந்தது. இன்ஃபிளமேஷன் என்று மருத்துவர் சொல்வதும் அதே குடும்பம். தவறாகப் படித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் தீப்பாதுகாப்புத் துறையினர் ஃபிளமபிள் என்ற வடிவத்தை விரும்புகிறார்கள். எரியாததற்கு நான்-ஃபிளமபிள் என்று எழுதுங்கள். இதே போல இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பற்றது அல்ல, விலைமதிக்க முடியாதது.

லெஜிபிள், ரீடபிள், எடிபிள், ஈட்டபிள்: இரண்டிரண்டாக இருப்பவை ஒன்றுதானா?

மருத்துவர் சீட்டில் எழுத்தே புரியவில்லை என்றால் அது லெஜிபிலிட்டிக் குறை. எழுத்து அச்சுப்போல் இருந்தும் மூன்றாவது வரியில் தலை சுற்றினால் ரீடபிலிட்டிக் குறை. எடிபிள் என்றால் தின்றால் கெடுதல் இல்லை. ஈட்டபிள் என்றால் வாயில் வைக்கும்படி இருக்கிறது. நம் ஊர் ஆங்கிலத்தில் ‘ஈட்டபிள்ஸ்’ தின்பண்டத்துக்கே பெயராகிவிட்டது. திரையரங்க வாசல் பலகையில் பார்க்கலாம்.

பன்மை உண்டா?

குணத்தைச் சொன்னால் இல்லை. தனித்தனி நிகழ்வையோ பொருளையோ சொன்னால் உண்டு: ரெஸ்பான்சிபிலிட்டீஸ், பாசிபிலிட்டீஸ், கணக்கேட்டில் லயபிலிட்டீஸ், மென்பொருள் பாதுகாப்பில் வல்னரபிலிட்டீஸ். ஒய் போய் ஐ-ஈ-எஸ் வரும்.

ரிலையபிலிட்டி, அவைலபிலிட்டி என்று பொறியாளர்கள் சொல்வது ஒன்றா?

இல்லை. அவைலபிலிட்டி என்பது மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு இயங்கும் நிலையில் இருந்தது என்பது. ரிலையபிலிட்டி என்பது குறிப்பிட்ட காலம் முழுக்கப் பழுதில்லாமல் ஓடுவதற்கான நிகழ்தகவு. மணிக்கு ஒரு முறை ஒரே ஒரு வினாடி நின்றுபோகும் சர்வருக்கு அவைலபிலிட்டி 99.97 சதவீதம் வரும். ஆனால் இரண்டு மணி நேர வேலையை அதில் நம்பி ஏற்ற முடியாது. ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் என்று எழுதியிருந்தால் ஆண்டுக்கு சுமார் 8 மணி 46 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம்.

ஆக்செசிபிலிட்டியை ‘ஏ-11-ஒய்’ என்று அவர்கள் சுருக்குவது, முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 11 எழுத்துகள் இருப்பதால்.

ஹியூமிலிட்டி, ஃபிரஜிலிட்டி ஆகியவையும் இதே வகையா?

ஹியூமிலிட்டியில் பி எழுத்தே இல்லை. லத்தீன் ‘ஹூமிலிஸ்’ என்ற சொல்லிலும் கிடையாது. ஹம்பிளில் இருக்கும் பி பிரெஞ்சில் நடுவே முளைத்தது. ஃபிரஜிலிட்டி, டக்டிலிட்டி இரண்டும் ‘இலிஸ்’ என்ற உறவுக்காரப் பின்னொட்டு கொண்டவை. பள்ளி வேதியியலில் இரட்டையராக வரும் தகடாகும் தன்மையும் கம்பியாகும் தன்மையும் இப்படி இரண்டு வேறு பின்னொட்டுகள்: மாலியபிலிட்டியில் ‘பிலிஸ்’, டக்டிலிட்டியில் ‘இலிஸ்’. மாலியபிளின் அடியில் இருப்பது ‘மாலேயுஸ்’, சுத்தியல்.

அகராதியில் தேடினால் சில சொற்கள் கிடைப்பதில்லையே. அப்படியானால் தவறா?

தவறென்று சொல்ல முடியாது. பல அகராதிகள் பெயர்ச்சொல்லுக்குத் தனித் தலைப்பு தராமல் பெயரடையின் பதிவுக்கு அடியில் சேர்த்திருக்கும். ஆகவே ‘பிலிட்டி’யை நீக்கி பெயரடையைத் தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் அடிச்சொல் செயப்படுபொருள் ஏற்கும் வினையா என்று பாருங்கள். ஏற்குமானால் சொல் பெரும்பாலும் செல்லும். ஸ்லீப், அரைவ் போல ஏற்காத வினையானால் வாக்கியத்தை மாற்றி எழுதுவது நல்லது. கம்ஃபர்டபிலிட்டி போன்றவை அச்சில் கண்ணில் படலாம், ஆனால் கம்ஃபர்ட் என்ற சின்னச் சொல்லே அந்த வேலையைச் செய்துவிடும்.